சுவரில் ஐந்து சொல்லுக்குத்தான் இடம்

வியாசர்பாடிப் பக்கம், மாநகராட்சி விளையாட்டுத் திடலை ஒட்டினாற்போல எங்கள் இளைஞர் மன்றத்துக்கு ஓர் அறை இருக்கிறது. இரண்டு கேரம் போர்டு, ஒரு துருப்பிடித்த பீரோ, நாலு பெஞ்சு, ஓரமாக ஒரு புத்தக அலமாரி. வார நாட்களில் சாயங்காலம் டியூஷன், சனி ஞாயிறு காலையில் கால்பந்து. 13 வயதிலிருந்து 21 வரை சுமார் 40 பேர் வந்து போகிறார்கள். அதில் பெண்பிள்ளைகள் 12 பேர். போன மழைக்குச் சுவர் ஊறிப் பழைய பெயின்ட் பொரிந்து உதிர்ந்துவிட, புதிதாகச் சுண்ணாம்பு அடித்தோம். வாசலுக்கு எதிரே ஆறடிக்கு நாலடி வெள்ளையாக நின்றது. அங்கே மன்றத்தின் நடத்தை விதியை எழுதிவிடலாம் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சரி என்றார்கள். எதை எழுதுவது என்பதில்தான் மூன்று வாரம் போனது.

பெயின்டர் வந்து பார்த்துவிட்டு, "அஞ்சு வரிக்கு மேல போனா எழுத்து சின்னதாயிடும் சார். கேட்டாண்ட நின்னு படிக்க முடியாது" என்றார். அதுவரை தறிகெட்டு ஓடிய பேச்சு அந்த ஒரு வார்த்தையில் ஒழுங்குக்கு வந்தது. நல்ல குணங்களைச் சொல்லச் சொன்னால் யாரும் மூச்சுவிடாமல் முப்பது சொல்லிவிடலாம். ஐந்துதான் என்றால் எதை வெளியே தள்ளுவது என்று உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்.

எங்கள் முன்னால் நான்கு பட்டியல்கள் இருந்தன. பள்ளியில் சாரணனாக இருந்த நான் கொண்டுபோனது ஒன்று. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்து, இப்போது கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி கொண்டுவந்தது ஒன்று. எங்களுக்கு டியூஷன் எடுக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா குறளிலிருந்து எடுத்துத் தந்தது ஒன்று. கடைசியாக, பிள்ளைகளே சார்ட் பேப்பரில் ஒட்டியது. ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் உரசிப் பார்த்தேன். சனிக்கிழமை காலையில் இந்தக் குணம் மீறப்பட்டால் அது கண்ணுக்குத் தெரியுமா? இதே சொல்லை 14 வயதுப் பிள்ளை எனக்கு எதிராகச் சுட்டிக்காட்ட முடியுமா? இரண்டாவது கேள்வி முதலில் எனக்குத் தோன்றவில்லை. அது எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சாரணர் பட்டியல்

என் பட்டியல் பழசு. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1908-ல் எழுதியபோது விதிகள் ஒன்பது. சில ஆண்டுகளில் தூய்மையும் சேர்ந்து பத்தானது. அமெரிக்கர்கள் 1911-ல் பன்னிரண்டாக்கிக்கொண்டார்கள். நம் நாட்டில் 1950-ல் உருவான பாரத சாரண சாரணியர் அமைப்பின் விதியில் ஒன்பது இருக்கின்றன: நம்பகம், விசுவாசம், எல்லோரிடமும் நட்பு, மரியாதை, விலங்குகள் மீதும் இயற்கை மீதும் அன்பு, கட்டுப்பாட்டோடு பொதுச் சொத்தைக் காத்தல், துணிவு, சிக்கனம், எண்ணம் சொல் செயலில் தூய்மை. இயக்கம் ஒன்றுதான், நாட்டுக்கு நாடு கணக்கு மாறுகிறது. அதனால் நாங்கள் வெட்டிக் குறைப்பதில் தெய்வ குற்றம் எதுவும் இல்லை என்று தைரியம் வந்தது. இந்திய இயக்கத்தின் வேரில் ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது. ஆங்கிலேயர் நடத்திய சாரணர் படையில் இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்காத காலத்தில், 1916-ல் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்.

இந்த ஒன்பதில் முதலில் எனக்கு முள்ளாகக் குத்தியது விசுவாசம். மூல விதியில் அரசருக்கும் அதிகாரிகளுக்கும் நாட்டுக்கும், கூடவே முதலாளிக்கும் விசுவாசமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அரசர் போய்விட்டார். ஆனால் மேலே இருப்பவரைக் காட்டிக்கொடுக்காதே என்ற வாடை அந்தச் சொல்லை விட்டுப் போகவில்லை.

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. போன கோடையில் ஒரு சின்ன டோர்னமென்ட் நடத்தினோம். அணிக்கு 300 ரூபாய் நுழைவுக் கட்டணம், 16 அணிகள். பந்து, கோப்பை, தண்ணீர் கேன், நடுவருக்குச் சாப்பாடு எல்லாம் போக 1,850 ரூபாய் மிஞ்சியது. அது பீரோவுக்கு வந்து சேரவில்லை. பெரிய பையன்களில் ஒருவன் எடுத்துச் செலவழித்துவிட்டான். தப்பு என்றாலும் அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. சின்னவர்கள் ஏழு பேருக்கு அது முதல் நாளே தெரியும் என்பதுதான் என்னை உட்கார வைத்தது. ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டால் ஒரே பதில்: "அண்ணனைப் போட்டுக் குடுக்கச் சொல்றீங்களா சார்?" போட்டுக் கொடுப்பது என்ற வார்த்தை எங்கள் பக்கத்தில் திருட்டை விடப் பெரிய வசவு. இந்தப் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்றுத்தர வேண்டிய அவசியமே இல்லை. தேவைக்கு அதிகமாகவே கைவசம் வைத்திருக்கிறார்கள்.

பணத்தோடு நின்றால் பரவாயில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வந்துபோகும் இடத்தில் இதைவிட மோசமான ரகசியங்களும் வரலாம். போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் மறைப்பது தனிக் குற்றம் என்கிறது அது. சட்டம் சொல் என்கிறது; எங்கள் சுவர் விசுவாசம் என்று எழுதிவைத்தால் ஒரு பிள்ளை எதைக் கேட்கும்? அதனால் விசுவாசத்தை எடுத்துவிட்டு, சுவரின் கீழ் மூலையில் சின்னதாக 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எழுதலாம் என்றேன். அதற்கு மட்டும் யாரும் மறுத்துப் பேசவில்லை.

தூய்மையும் போகட்டும் என்றேன். குளித்துவிட்டு வா, ஜெர்சியைத் துவைத்துப் போடு என்று வாயால் சொல்லிக்கொள்ளலாம். நம் ஊரில் தூய்மை என்ற சொல்லை யார் யாருக்கு எதிராக எத்தனை காலம் பயன்படுத்தினார்கள் என்பது தெரிந்த குடும்பங்களிலிருந்துதான் எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் வருகிறார்கள். சிக்கனமும் அப்படித்தான். அண்ணா நகரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் மகனுக்குச் சிக்கனத்தைப் போதிக்க எனக்கு வாய் வரவில்லை. அவன் எனக்குக் கற்றுத்தருவான்.

பொதுச் சொத்தைக் காத்தல் மட்டும் மனதில் தங்கியது. இந்தியப் பட்டியலில் அதைக் கட்டுப்பாட்டோடு சேர்த்து வைத்தவர் யாரோ, நம் ஊர்க் குழாயடியையும் பூங்கா ஊஞ்சலையும் பார்த்திருக்கிறார். திடல் எங்களுடையது இல்லை, மாநகராட்சியுடையது. கோல் போஸ்ட் வலையை அறுத்தால் பக்கத்துத் தெரு அணிக்கும் வலை கிடையாது.

சிரித்துக்கொண்டே கீழ்ப்படி

என்.சி.சி. 1948-ல் தொடங்கியது. ஒற்றுமையும் கட்டுப்பாடும் என்பது அதன் முழக்கம். தம்பி கொண்டுவந்தது அதைவிடக் கறாரானது. கட்டுப்பாட்டுக்கு அவர்கள் நான்கு கொள்கைகள் சொல்வார்கள்: சிரித்த முகத்தோடு கீழ்ப்படி, நேரம் தவறாதே, அலட்டிக்கொள்ளாமல் கடுமையாக உழை, சாக்குச் சொல்லாதே பொய் பேசாதே.

ஒப்பிட்டால் சாரணர் பட்டியலை விட இது எனக்குப் பிடித்தது. சாரணர் பட்டியல் நீ எப்படிப்பட்டவன் என்கிறது. இது நீ என்ன செய்ய வேண்டும் என்கிறது. மீறினால் உடனே தெரியும். சனிக்கிழமை காலை எங்களுக்குத் திடல் 6 மணியிலிருந்து ஏழரை வரை. 6.10-க்குப் போன் அடித்தால், "வந்துட்டே இருக்கேன் சார்" என்பான். பின்னால் அவன் வீட்டு மின்விசிறி டக் டக் என்று சுற்றும் சத்தம் கேட்கும். நேரம் தவறினான், சாக்குச் சொன்னான், பொய்யும் பேசினான். நாலில் இரண்டு கொள்கை ஒரே போன் காலில் காலி.

முதல் கொள்கைதான் சிக்கல். என்.சி.சி.யில் உத்தரவு போடுகிறவருக்கு ஒரு பதவி, பயிற்சி, அவர் தவறினால் கேட்க அவருக்கு மேலே ஓர் ஆள் எல்லாம் உண்டு. எங்கள் மன்றத்தில் உத்தரவு போடுவது யார்? கொஞ்சம் உடம்பு வைத்த 19 வயதுப் பையன். ஒருநாள் 14 வயதுப் பையன் ஒருவன் திடலிலிருந்து தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போய் சிகரெட் வாங்கி வந்து பெரியவன் ஒருவனிடம் கொடுத்ததை நானே பார்த்தேன். அந்த வயதுப் பிள்ளைக்குச் சிகரெட் விற்பது சட்டப்படி குற்றம், அது கடைக்காரர் பாடு. என் கண்ணில் நின்றது வேறு: அந்தப் பையன் சிரித்துக்கொண்டேதான் வாங்கி வந்தான். அவ்வளவு பெருமை அவனுக்கு, அண்ணன் நம்மிடம் சொன்னானே என்று. இதற்கு மேல் என்ன கீழ்ப்படிதல் வேண்டும்?

தம்பி இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அப்போ டிரில்லுக்கு வரிசையா நில்லுன்னா எவன் நிப்பான்?" என்றான். நியாயமான கேள்வி. வெள்ளத்துக்குப் படகு வந்தால் ஜனநாயகமாக ஓட்டுப் போட்டு ஏற முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தெருத் தெருவாகப் பால் பாக்கெட்டும் பிரெட்டும் கொண்டுபோன நாட்களில் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டதால்தான் வேலை நடந்தது. ஆனால் அது வேலைக்கான ஏற்பாடு. அதற்கு அன்றைக்குப் பொறுப்பாளர் யார் என்று சொன்னால் போதும். அதையே நிரந்தர நற்குணமாகச் சுவரில் எழுதுவது வேறு சமாச்சாரம். இந்த இடத்தில் அவனும் நானும் பாதிப் பாதி விட்டுக்கொடுத்தோம். கீழ்ப்படிதல் போனது, சாக்குச் சொல்லாதே நின்றது.

ஐந்து தூண்கள்

தமிழாசிரியை அம்மா வம்பே இல்லாமல் ஒரே குறளோடு வந்தார். சான்றாண்மை அதிகாரத்தில் 983-வது குறள்:

அன்புநாண் ஒப்புரவு கண்ணோட்டம் வாய்மையொடு
ஐந்துசால் ஊன்றிய தூண்.

"உங்களுக்கு அஞ்சு வரிதானே வேணும்? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அளந்து வெச்சிருக்காரு" என்றார். கேட்டதும் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். பேச்சு அங்கேயே முடிந்திருக்கும், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி "கண்ணோட்டம்னா கருத்துதானே மிஸ்? என் கண்ணோட்டத்தில்னு கட்டுரைல எழுதுவோமே" என்று கேட்காமல் இருந்திருந்தால்.

வள்ளுவரின் கண்ணோட்டம் வேறு. எதிரே நிற்பவரின் நிலை கண்டு இளகும் தன்மை அது. இன்றைக்கு அந்தச் சொல்லைப் பார்வைக் கோணம் என்ற பொருளில்தான் செய்தித்தாளிலும் பரீட்சைத் தாளிலும் பார்க்கிறோம். ஒப்புரவு என்றால் என்னவென்று பெரியவர்களிலேயே நாலு பேருக்குத் தெரியவில்லை. படிக்கிறவருக்குப் புரியாத சொல் சுவரில் இருந்தால் அது அலங்காரம்தான். ஆனால் பொருளைத் தோண்டினால், நான்கு பட்டியல்களிலும் ஆழமானது இதுதான்.

ஒப்புரவை எடுத்துக்கொள்வோம். ஊர் நடைமுறை அறிந்து எல்லோருக்கும் உதவியாக வாழ்வது. பெரிய அறிவுடையவனின் செல்வம் ஊர் மக்கள் நீர் மொள்ளும் ஊருணி நிறைந்ததைப் போல என்று குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் ஓர் உவமை வரும். சென்னைப் பிள்ளைக்கு ஊருணி தெரியாது, மெட்ரோ வாட்டர் லாரி தெரியும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஆண்டை எங்கள் பெரிய பையன்கள் மறக்கவில்லை. லாரி வந்ததும் தெருவே ஓடும். மூன்றாம் மாடியில் தனியாக இருந்த பாட்டிக்கு இரண்டு குடம் பிடித்து மேலே ஏற்றிவிட்டுத்தான் தங்கள் வீட்டுக் குடத்தை வரிசையில் வைப்பார்கள் இரண்டு பேர். அவர்கள் யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஒப்புரவு என்ற பெயரும் அவர்களுக்குத் தெரியாது.

வாய்மைக்கு வருவோம். பிறருக்குத் தீமை இல்லாத சொல்லைச் சொல்வதே வாய்மை என்கிறார் வள்ளுவர். நடந்ததை நடந்தபடி சொல்வதோடு அது முடிந்துவிடுவதில்லை. ஒரு பெண் கணக்கில் 22 மார்க் வாங்கினாள் என்பது உண்மை. அதை டியூஷன் வாசலில் நின்று கத்துவது வாய்மை ஆகாது. இந்த நுணுக்கம் மற்ற இரண்டு பட்டியல்களிலும் இல்லை. அதே சமயம் கேரம் போர்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு பையன்கள் ஆட்டம். கடைசியில் ரெட்டும் ஒரு காயினும்தான் பாக்கி. ஸ்ட்ரைக்கரை வைக்கும்போது ஒருவனின் முழுக்கைச் சட்டை விளிம்பு காயினைத் தொட்டு நகர்த்திவிட்டது. எதிராளி பவுடர் டப்பாவை எடுக்கக் குனிந்திருந்தான், பார்க்கவில்லை. நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். நான் பார்த்தது அவனுக்குத் தெரியாது. இரண்டு நொடி போர்டையே முறைத்துவிட்டு, "டேய், என் கை பட்டுச்சு. நீ ஆடு" என்றான். தோற்றுப்போனான். உண்மை என்று ஒரு சொல் சுவரில் வந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு அந்த இரண்டு நொடிதான் காரணம்.

நாண் விஷயத்தில் எனக்கும் அம்மாவுக்கும் கொஞ்சம் சூடான பேச்சு நடந்தது. சுவரில் நாணம் என்று எழுதினால் அது 12 பெண்பிள்ளைகளின் தலையில் போய் உட்காரும் என்றேன். ஷார்ட்ஸ் போட்டுக் கால்பந்து ஆடுகிற பெண்ணைப் பார்த்துத் திடலுக்கு வெளியே நின்று விசிலடிப்பவனுக்கு நாணம் வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, ஆடுகிறவளுக்குத்தான் சொல்வார்கள். அம்மா சிரித்துவிட்டு 1011-வது குறளைச் சொன்னார். தகாத செயலுக்காக வெட்கப்படுவதே நாண், பெண்களின் இயல்பான நாணம் வேறு வகை என்று வள்ளுவரே பிரித்து வைத்திருக்கிறாராம். பிறருக்கு வரும் பழியையும் தம் பழியாக நினைத்து நாணுவதைப் பற்றியும் அதே அதிகாரத்தில் ஒரு குறள் இருக்கிறது. 1,850 ரூபாய்க் கதைக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது. ஆனாலும் சுவரில் குறள் வரும், உரை வராது. உரை இல்லாத நாண் எங்கள் தெருவில் எப்படிப் படிக்கப்படும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா கடைசியில் அரை மனதோடு விட்டுக்கொடுத்தார்.

கண்ணோட்டத்தையும் நான் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பெயரிலேயே இருக்கும் அதிகாரத்தின் கடைசிக் குறள், பழகியவர் நஞ்சு ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தும் அதை உண்டு அமைவார்கள், விரும்பத்தக்க நாகரிகத்தை வேண்டுபவர்கள் என்கிறது. அரசியல் பெரியவர்களுக்கு அதில் ஏதோ ஆழமான பொருள் இருக்கலாம். மூச்சு முட்டும் அளவுக்கு நண்பனுக்கு நோ சொல்லத் தெரியாத 15 வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்க எனக்குப் பயம். அதற்கு மாற்றும் அதே நூலில் இருக்கிறது. நட்பு என்பது சிரித்து மகிழ்வதற்காக இல்லை, நண்பன் எல்லை மீறும்போது முந்திக்கொண்டு இடித்துச் சொல்வதற்காக என்ற 784-வது குறள். போட்டுக் கொடுப்பது என்ற வசவுக்கு இதை விடச் சரியான பதிலை நான் கேட்டதில்லை. நேரே அவனிடமே போய்க் கேள். கேட்காவிட்டால் பெரியவரிடம் சொல். பின்னால் பேசுவதும் வாயை மூடிக்கொள்வதும்தான் துரோகம்.

இந்த இடத்தில் பெரிய பையன்கள் பாரதியின் 'ரௌத்திரம் பழகு' வேண்டும் என்று குறுக்கே புகுந்தார்கள். டீ-ஷர்ட்டில் பார்த்த வாசகம். ஔவையார் 'ஆறுவது சினம்' என்கிறார், பாரதி தன் ஆத்திசூடியில் இப்படிச் சொல்கிறார், எது சரி என்று ஒரு மணி நேரம் ஓடியது. எனக்குப் பாரதியோடு சண்டை இல்லை. ஆனால் அணி தோற்றால் நடுவரை அடிக்கப் போவதற்கு ரௌத்திரம் என்று பெயர் வைத்துக்கொள்ளும் ஆட்கள் எங்களிடம் உண்டு. அதே ஆத்திசூடியில் 'நேர்படப் பேசு' என்றும் இருக்கிறதே, அது போதாதா என்றேன். கெத்து இல்லையாம்.

சார்ட் பேப்பர்

நான்காவது பட்டியலுக்காக ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம், இந்த மன்றத்தில் எது நடக்கக் கூடாது அல்லது எது நடக்க வேண்டும் என்று ஒன்று எழுதுங்கள் என்றோம். 31 சீட்டு வந்தது. நற்குணத்தின் பெயரை எழுதியவர்கள் மூன்று பேர்தான். மற்றதெல்லாம் சம்பவம். பட்டப்பேர் வைத்துக் கூப்பிடக் கூடாது. தோத்தவங்களைக் கலாய்க்கக் கூடாது. கேட்காமல் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடக் கூடாது. பொண்ணுங்களுக்கும் கிரவுண்டு பாதி நேரம் வேணும். எந்த ஏரியான்னு கேட்கக் கூடாது. இரண்டு சீட்டில், ஒரே வாசகம் வேறு வேறு கையெழுத்தில்: "சார் கத்தக் கூடாது."

சார் என்றால் நான்தான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தனக்கென்று நற்குணப் பட்டியல் போட்டபோது முதலில் 12-தான் எழுதினாராம். நீங்கள் கர்வம் பிடித்தவர் என்று ஒரு நண்பர் சொன்ன பிறகுதான் பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். வாரத்துக்கு ஒரு குணம் என்று நோட்டில் புள்ளி வைத்துப் பழகியவருக்கே தன் குறை தன் கண்ணில் படவில்லை. பெரியவர்கள் மூவரும் கொண்டுபோன மூன்று பட்டியல்களும் பிள்ளைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கானவை. எங்களைக் கட்டுப்படுத்தும் ஒரு வரியை நாங்களாக யாரும் எழுதவில்லை. நான் மேலே சொன்ன இரண்டாவது கேள்வி இந்த இரண்டு சீட்டிலிருந்துதான் வந்தது.

ஏரியா பற்றிய சீட்டைத் தம்பி முதலில் சாதாரணமாக எடுத்துக்கொண்டான். "ஏரியா கேக்கறதுல என்ன இருக்கு?" இருக்கிறது. இந்த ஊரில் நேராகச் சாதி கேட்பது அநாகரிகம் என்று தெரிந்தவர்கள் சுற்றி வளைத்து ஏரியா கேட்பார்கள். கண்ணகி நகர், பெரும்பாக்கம், ஹவுசிங் போர்டு என்று பதில் வந்தால் முகத்தில் ஏதோ ஒன்று மாறும். 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு எதுவும் பள்ளியில் கூடாது என்று 2024-ல் பரிந்துரைத்தது. சென்னையில் கயிற்றின் வேலையைப் பாதி நேரம் முகவரி செய்துவிடுகிறது. சமத்துவம் என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டு அதற்குக் கீழே நின்றே ஏரியா கேட்கலாம், யாருக்கும் உறுத்தாது. ஏரியா கேட்காதே என்று எழுதினால் உறுத்தும்.

அப்படியானால் சொற்களை விட்டுவிட்டு விதிகளை மட்டும் எழுதிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் விதிகள் நேற்று நடந்ததைத்தான் தடுக்கும். ஸ்டேட்டஸில் போடாதே என்றால் குரூப்பில் போடுவான், அதை யாரும் எழுதவில்லையே என்பான். மரியாதை என்ற சொல் மேலே இருந்தால்தான் "அது மட்டும் மரியாதையா?" என்று மடக்க முடியும். அதனால் இரண்டையும் கட்டினோம்: பெரிய எழுத்தில் ஒரு சொல், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் பிள்ளைகளின் சீட்டிலிருந்தோ பேச்சிலிருந்தோ ஒரு வரி. பெயின்டரிடம் கேட்டதற்கு, அடி வரி சின்னதாக இருந்தால் பரவாயில்லை, கிட்ட வந்து படிப்பார்கள் என்றார்.

எடுத்தது, விட்டது

உண்மை: கை பட்டால் நீயே சொல்.

மரியாதை: பட்டப்பேர் வேண்டாம், ஏரியா கேட்க வேண்டாம், பெரியவர்களும் கத்த வேண்டாம்.

பரிவு: தோற்றவரைக் கலாய்க்காதே. கண்ணோட்டத்துக்கு இதுதான் இன்றைய பெயர் என்று அம்மா ஒத்துக்கொண்டார்.

பொறுப்பு: நேரத்துக்கு வா, சாக்குச் சொல்லாதே, எடுத்ததை எடுத்த இடத்தில் வை. என்.சி.சி.யின் மூன்று கொள்கை, சாரணரின் பொதுச் சொத்து, குறளின் ஒப்புரவு எல்லாம் இதற்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. ஒப்புரவுக்கு இது போதாது என்பது எனக்கே தெரியும். அதற்கு ஒரு வரி தேடிப் பார்த்துக் கிடைக்காமல் விட்டோம்.

துணிவு: தப்பு என்றால் அண்ணனிடமும் கேள், சாரிடமும் கேள்.

இந்தக் கடைசி வரிதான் அதிகம் இழுத்தது. இதை வைத்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுவார்கள் என்று தம்பிக்குப் பயம். பேசட்டும் என்று வாய் சொன்னாலும் எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பயம்தான். வரிசையிலும் சண்டை: துணிவு முதலில் வர வேண்டுமா, உண்மையா என்று. துணிவு இல்லாமல் உண்மை வராது என்று பெரிய பெண் ஒருத்தி வாதாடினாள். அவள் சொன்னது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ஓட்டெடுப்பில் உண்மை ஜெயித்தது.

போன ஞாயிறு பெயின்டர் வந்தார். சுவரில் ஏறுவதற்கு முன் எழுத்தின் அளவைக் காட்ட ஒரு பழைய செய்தித்தாளில் நீலப் பெயின்டால் ஐந்து சொற்களையும் எழுதி விரித்தார். அழகான கையெழுத்து. நானும் தம்பியும் நல்லாருக்கு, நல்லாருக்கு என்று தலையாட்டினோம். கண்ணோட்டம் பற்றிக் கேட்டாளே, அந்த ஏழாம் வகுப்புப் பெண் முன்னால் வந்து நாலாவது சொல்லில் விரலை வைத்தாள்.

"அண்ணா, இது 'பொருப்பு'ன்னு இருக்கு. வல்லின ற வரணும். நீங்க எழுதினதுக்கு மலைன்னு அர்த்தம்."

பெயின்டர் செய்தித்தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.